இருபது குதிரை அதிகம்

கப்பலில் வந்து இறங்கிய கம்ப்ரசரை இப்போதைக்கு வெளியே எடுக்க வேண்டாம் என்று சொர்ணலட்சுமி சொன்னதும், ராஜபாண்டியன் குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் மேஜைமேல் வைத்தார்.

"என்னம்மா சொல்லுதீக? மூணு மாசமா நீங்கதான் காத்து பத்தலை, காத்து பத்தலைன்னு என் உசிரை எடுத்தீக. இத்தாலியில இருந்து கடல் தாண்டி தூத்துக்குடிக்கு வந்துருச்சு. இப்பப் போயி எடுக்க வேண்டாங்கிறீக."

"எடுக்கவே வேண்டாங்கலை அண்ணாச்சி. கொஞ்ச நாள் பொறுத்து எடுப்போம்னு சொல்லுதேன்."

சிவகாசியில் சாத்தூர் ரோட்டில் இருந்த அந்த அச்சகத்துக்கு ராஜபாண்டியன் முதலாளி. பட்டாசுப் பெட்டிக்கு அட்டை, தீப்பெட்டிக்கு லேபிள், வருசக் கடைசியில் காலண்டர் என்று வேலைக்குப் பஞ்சமில்லாத கம்பெனி. சொர்ணலட்சுமி பத்தொன்பது வயதில் டைப் அடிக்க வந்தவள். இப்போது முப்பத்தெட்டு. பேப்பர், மை, பிளேடு, மோட்டார் என்று அந்தக் காம்பவுண்டுக்குள் எது வந்தாலும் அவள் விலை பேசி, அவள் ஆர்டர் எழுதித்தான் வரவேண்டும். லாரி டிரைவர்கள்கூட "சொர்ணம்மா கையெழுத்து" என்றுதான் கேட்பார்கள்.

அச்சு மிஷினில் தாளை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே விடுவது காற்று. அட்டையை வெட்டுகிற மிஷினும் பெட்டியை ஒட்டுகிற மிஷினும் காற்று இல்லாமல் கையைத் தூக்காது. அந்தக் காற்றை அடித்துத் தர பின்கட்டு ஷெட்டில் பழைய கம்ப்ரசர்கள் இரண்டு இருந்தன. ஒவ்வொன்றும் பதினைந்து எச்.பி., பதினைந்து குதிரைச் சக்தி. அக்டோபரில் காலண்டர் சீசன் சூடு பிடித்தபோது இரண்டும் ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடியும் அழுத்தம் ஏறவில்லை. தாள் இரண்டிரண்டாகப் போனது. மதுரைக் கடை ஒன்றின் பத்தாயிரம் காலண்டரைத் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று.

அப்போதுதான் சென்னையிலிருந்து லட்சுமிகாந்தம் வந்தார். வெளிநாட்டுக் கம்ப்ரசர்களை விற்கிறவர். ஷெட்டையும் மிஷின்களையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "முப்பது எச்.பி. ஓய்வே இல்லாம ஓடியும் பத்தலைன்னா உங்களுக்கு அம்பது வேணும் மேடம்" என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். உள்ளே இரண்டு ஸ்க்ரூ சுழன்று காற்றை அழுத்துகிற, இத்தாலியில் செய்த ஐம்பது எச்.பி. ஸ்க்ரூ கம்ப்ரசர். சொர்ணம் நாலு இடத்தில் விலை கேட்டு, கப்பல் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் பேசிக் குறைத்து ஆர்டர் எழுதினாள். பாங்கு வழியாகப் பணம் போயாயிற்று. ராஜபாண்டியன் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இத்தாலி மிஷினைப் பற்றிப் பேசினார்.

"இன்னிக்கு எடுத்தா இருபத்தஞ்சு சதவீதம் தீர்வை கட்டணும் அண்ணாச்சி. அதுபோக சிறப்புத் தீர்வைன்னு தனியா ஒரு நாலு" என்றாள் சொர்ணம். "வருசா வருசம் இறங்கிக்கிட்டே வருது. முப்பத்தஞ்சு இருந்துச்சு, முப்பது ஆச்சு, இருபத்தஞ்சு ஆச்சு. இனியும் இறங்கத்தான் செய்யும். மிஷினைச் சுங்கக் கிடங்குல, பாண்டுல போட்டு வைப்போம். அங்கன இருக்கிற வரைக்கும் தீர்வை கட்ட வேண்டாம். வெளிய எடுக்கிற அன்னிக்கு என்ன ரேட்டோ அதைக் கட்டுனாப் போதும்."

"தேர்தல் சீக்கிரம் வரப்போகுதுன்னு பேப்பர்ல போடுதான். தேர்தல் வந்தா முழு பட்ஜெட்டே கிடையாது, தீர்வையைத் தொடவே மாட்டான்னு லட்சுமிகாந்தம் சொல்லுதாரு. உடனே எடுங்கங்கிறாரு."

"தேர்தல் வாரதுனாலதான் நானும் சொல்லுதேன். ஓட்டுக் கேக்கப் போறவன் பட்ஜெட் தேதி வரட்டும்னு உக்காந்திருக்க மாட்டான். முன்கூட்டியே எதையாவது குடுப்பான்."

"குடுக்கலைன்னா?"

"இதே இருபத்தஞ்சைக் கட்டி எடுப்போம். கிடங்கு வாடகைதான் நட்டம். அது என் தப்புன்னு வச்சுக்கிடுங்க. ஜனவரி முடியிற வரைக்கும் டயம் குடுங்க."

ராஜபாண்டியன் டீயை மறுபடி எடுத்தார். ஆறிப்போயிருந்தது. "அதுவரைக்கும் பழசு ரெண்டும் தாங்குமா?"

"தாங்க வைக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

சொன்ன வேகத்திலேயே பின்கட்டு ஷெட்டுக்குப் போனாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். அச்சு மிஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. வேப்பமரத்தடியில் பெண்கள் தூக்குச்சட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். ஷெட்டுக்குள் மட்டும் கம்ப்ரசர்கள் இரண்டும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஸ்டூலில் முனியசாமி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். கம்பெனியில் மிஷின்களைப் பழுது பார்க்கிற பிட்டர். ஏழாயிரம்பண்ணைக்காரர், ஐம்பது வயது. அவர் மனைவி போகிற பட்டாசுக் கம்பெனி வேனிலேயே தொற்றிக்கொண்டு பாதி தூரம் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துப் பதினாலு வருசமாக வேலைக்கு வருகிறார்.

"அண்ணே, மிஷின் எல்லாம் நிக்குது. இது யாருக்கு ஓடுது?"

"பைப்புல காத்து நிரப்புது தாயி."

"எம்புட்டு நேரம் நிரப்பும்?"

முனியசாமி கையை உதறிக்கொண்டு யோசித்தார். "அது எப்பவும் இப்படித்தான் ஓடும்."

"நிரம்பினா நிக்கணும்ல. நிக்கலைன்னா எங்கயோ போகுதுன்னுதானே அர்த்தம்."

அவர் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தார். கம்ப்ரசரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, டிசம்பர் இருபத்தெட்டு, இரண்டு பேரும் கம்பெனிக்கு வந்தார்கள். தன் வீட்டார் எல்லாரும் இருக்கன்குடி கோயிலுக்குப் புறப்பட, முனியசாமி மட்டும் அவர்களை பஸ் ஏற்றிவிட்டு இங்கே வந்திருந்தார். அச்சகத்தில் ஒரு மிஷினும் ஓடவில்லை. கம்ப்ரசர்களை மட்டும் போட்டார்கள். அழுத்தம் ஏழுக்கு ஏறியதும் அவை தானாக மூச்சை விட்டு ஓய்வெடுக்கும். ஆறுக்கு இறங்கியதும் மறுபடி அடிக்க ஆரம்பிக்கும். சொர்ணம் கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எத்தனை நேரம் அடிக்கிறது, எத்தனை நேரம் ஓய்வு என்று ஒரு பழைய புரூஃப் தாளின் பின்பக்கம் எழுதினாள். பத்து நிமிடத்தில் நாலரை நிமிடம் அடித்தது. ஒருத்தர்கூட வேலை செய்யாத நேரத்தில், இரண்டும் அடிக்கக்கூடிய காற்றில் கிட்டத்தட்டப் பாதி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

"பாதியா" என்றார் முனியசாமி. நம்பாமல் அவரே இன்னொரு தடவை கடிகாரத்தை வாங்கிப் பார்த்தார். அதே நாலரை.

ஒரு வாளியில் துணி சோப்பைக் கரைத்து, பெயிண்ட் பிரஷால் ஒவ்வொரு பைப் இணைப்பிலும் தடவிக்கொண்டே போனார்கள். ஓட்டை இருந்த இடத்தில் நுரை பொங்கியது. ஒட்டுகிற மிஷினுக்குப் பின்னால் டியூப் முனையைச் சணலால் கட்டி வைத்திருந்தார்கள். இரண்டு வருசத்துக்கு முன் விற்றுவிட்ட மிஷினுக்குப் போன பைப் இன்னும் சுவரில் இருந்தது. அதன் வால்வு அரைகுறையாக மூடிக் கிடந்தது. கூரைக்கு அடியில் ஏணி வைத்து ஏறிய முனியசாமி, "இங்கன வாங்க தாயி, இது ஓட்டை இல்லை, விசில்" என்றார். சாயங்காலத்துக்குள் முப்பத்தேழு இடம் கண்டுபிடித்துச் சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தார்கள்.

அந்த வாரம் முழுக்க வேலைக்கு இடையில் ஒவ்வொன்றாக அடைத்தார்கள். வெள்ளை டேப், நாலைந்து வால்வு, இருபது மீட்டர் டியூப். எல்லாம் ரத வீதி ஹார்டுவேர் கடைச் சாமான்தான். ஜனவரி நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மறுபடி கடிகாரத்தோடு உட்கார்ந்தார்கள். பத்து நிமிடத்தில் ஐம்பது விநாடிதான் அடித்தது.

திங்கட்கிழமை மிஷின்கள் ஓடத் தொடங்கிய பிறகும் கம்ப்ரசர்கள் அவ்வப்போது ஓய்வெடுத்தன. முனியசாமி ஒன்றின் தலையில் கையை வைத்து, "ஏலே, உனக்கும் உக்காரத் தெரியுமாலே" என்றார். பதினாலு வருசத்தில் அது பகலில் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

சொர்ணமும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஆபீசுக்கு வந்தவளுக்குப் படி ஏறும்போதே ஒன்று உறைத்தது. நேராகப் போய் பைலைத் திறந்து லட்சுமிகாந்தம் கொடுத்த கணக்குத் தாளை எடுத்தாள். முப்பது எச்.பி. ஓய்வில்லாமல் ஓடுகிறது, பற்றாக்குறை இவ்வளவு, புது மிஷின் ஒன்று வரப்போகிறது, ஆகவே ஐம்பது. அந்த முப்பதில் பாதிக் காற்று ஓட்டை வழியாகப் போனதை அவரும் அளக்கவில்லை, அவளும் அளக்கவில்லை. ஓட்டைக்கும் சேர்த்துத்தான் ஐம்பது. உண்மையான வேலைக்கு, ஜூனில் வரப்போகிற புது அச்சு மிஷினையும் சேர்த்தால்கூட, முப்பது எச்.பி. ஸ்க்ரூ ஒன்று தாராளமாகப் போதும்.

விலையில் ஒவ்வொரு ரூபாயையும் கேள்வி கேட்டவள், ஐம்பது என்ற எண்ணை மட்டும் கேட்காமல் விட்டுவிட்டாள்.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சீசன் முடிந்துவிட்டது, பாதி மிஷின் சும்மா கிடக்கிறது, அதனால்தான் காற்று மிஞ்சுகிறது என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். செவ்வாயும் போயிற்று. புதன்கிழமை, சோதனை என்று சொல்லி, ஆர்டர் இல்லாத மிஷின்களையும் கழிவுத் தாளைப் போட்டு அரை மணி நேரம் ஒரே சமயத்தில் ஓட்டச் சொன்னாள். அழுத்த முள் ஆறுக்குக் கீழே வரவே இல்லை. அதற்குமேல் சொல்லிக்கொள்ளச் சமாதானம் எதுவும் மிச்சமில்லை.

மறுநாள், வியாழக்கிழமை சாயங்காலம், டிவி செய்தியில் சொன்னார்கள். இறக்குமதித் தீர்வையின் உச்ச விகிதம் இருபத்தைந்திலிருந்து இருபதாகக் குறைகிறது. நாலு சதவீதச் சிறப்புத் தீர்வை அடியோடு ரத்து. நாளையிலிருந்தே அமல். பட்ஜெட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் சொன்னது அப்படியே நடந்திருந்தது.

செய்தி முடிவதற்குள் போன் மணி அடித்தது. "சொர்ணம், நீங்க சொன்னது பலிச்சுருச்சும்மா" என்றார் ராஜபாண்டியன். "லட்சத்தைத் தொடும்போல இருக்கே மிச்சம்." அவருடைய சந்தோசத்தில் அவளால் ஒரு வார்த்தையும் நுழைக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஆபீசில் அல்வாவும் சாத்தூர் சேவும் வாங்கி வைத்திருந்தார். பைண்டிங் பகுதிப் பெண்கள்வரை எல்லாருக்கும் போயிற்று. "எங்க சொர்ணம் டில்லிக்காரன் மனசுல இருக்கிறதைப் படிச்சிருச்சு" என்று வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார். கூட்டம் கலைந்ததும், "தூத்துக்குடி சுங்க ஏஜெண்டுக்குப் போனைப் போடுங்க, இன்னிக்கே எடுத்துருவோம்" என்றார்.

சொர்ணம் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும். திங்கக்கிழமையே சொல்லியிருக்கணும், சொல்லலை. அந்த மிஷின் நமக்குப் பெருசு."

"பெருசா இருந்தா நல்லதுதானே?"

"இல்லை. நமக்கு முப்பது போதும். அம்பது நான் எழுதுன தப்பு." புரூஃப் தாளை அவர் முன்னால் விரித்து, நாலரை நிமிடத்தையும் ஐம்பது விநாடியையும் காட்டினாள். முப்பத்தேழு ஓட்டைகளையும் சொன்னாள்.

ராஜபாண்டியன் முகத்தில் காலையிலிருந்து இருந்த வெளிச்சம் மெல்ல இறங்கியது. "சீசன் முடிஞ்சிருச்சும்மா. வேலை கம்மி. அதான் காத்து மிஞ்சுது."

"நானும் அப்படித்தான் நெனைச்சேன். வாங்க, உங்க கண்ணு முன்னாடியே ஓட்டுதோம்."

அச்சு மிஷின் மூன்று, வெட்டுகிற மிஷின் இரண்டு, ஒட்டுகிற மிஷின், எல்லாவற்றையும் முனியசாமி ஒன்றாகப் போட்டார். தரை அதிர்ந்தது. ராஜபாண்டியன் ஷெட்டில் அழுத்த முள்ளுக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். முள் ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. கால் மணி நேரத்தில் ஒரு கம்ப்ரசர் பெருமூச்சு விட்டு ஓய்ந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லா மிஷினும் ஓடுதா முனியசாமி?"

"ஒண்ணு பாக்கியில்லாம ஓடுது மொதலாளி."

ராஜபாண்டியன் ஆபீசுக்குத் திரும்பினார். உட்கார்ந்ததும், "லட்சுமிகாந்தம் ஏமாத்திட்டாரா?" என்று கேட்டார்.

"அவரு விக்க வந்தவரு. கண்ணால பாத்ததை வச்சுக் கணக்குப் போட்டாரு. அளந்து பாக்க வேண்டியது வாங்குறவங்க வேலை. நான் அளக்கலை."

"சரி, இருந்துட்டுப் போகட்டும். பின்னால கம்பெனி பெருசாகும்ல."

"அம்பது குதிரையைக் கட்டி வச்சு முப்பது குதிரை வேலை வாங்குனா, மிச்ச இருபதுக்கும் தினம் தீனி போடணும் அண்ணாச்சி. கரண்ட் பில்லுல காட்டிரும். அஞ்சு வருசத்துல இன்னிக்கு மிச்சம் பிடிச்சதை எல்லாம் தின்னுரும்."

"ஊர்ப்பூரா சொல்லி வச்சிருக்கேனேம்மா" என்றார். அதுதான் அவருக்கு வலித்தது என்று அவளுக்குத் தெரியும். புரூஃப் தாளை மடித்து வைத்தாள். பிறகு அவரே, "இப்ப அதை என்ன செய்ய?" என்றார்.

"பாண்டுல இருக்கும்போதே வித்துரலாம். பேரு மாத்திக் குடுத்துட்டா, வாங்குறவங்க தீர்வை கட்டி எடுத்துக்கிடுவாக. விருதுநகர்ல சங்கரபாண்டியன் அண்ணாச்சி பருப்பு மில்லுல இருந்து நவம்பர்லயே போன் வந்துச்சு, எங்க வாங்குனீக, என்ன விலைன்னு. அவுக இன்னும் வாங்கலை. உங்களைக் கேக்காம நான் பேசலை."

ராஜபாண்டியன் மிச்சமிருந்த அல்வாத் தட்டை அவள் பக்கம் தள்ளினார். "பொங்கலுக்குள்ள முடிங்க. போட்ட காசு அப்படியே திரும்பி வரணும்."

மறுநாள் காலை பஸ்ஸில் சொர்ணமும் முனியசாமியும் விருதுநகர் போனார்கள். மில் முற்றத்தில் துவரையும் உளுந்தும் குவிந்திருந்தன. சங்கரபாண்டியனுக்கு அறுபது வயதிருக்கும். பருப்பை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே பேசுகிற பழக்கம். பருப்பில் கறுப்புப் பட்டதையும் சொத்தையையும் கேமராக் கண்ணால் பார்த்து, ஒவ்வொன்றாகக் காற்றால் ஊதித் தள்ளுகிற மிஷினை ஜப்பானிலிருந்து வரவழைக்க ஆர்டர் கொடுத்திருந்தார். இன்னும் இரண்டு வாரத்தில் வந்துவிடும். அதற்குக் கம்ப்ரசர் வேண்டும்.

விசயத்தை முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப நீங்க வேண்டாம்னு தள்ளுத சரக்கு" என்றார்.

"எங்களுக்கு அளவு பெருசு. வேற குறை இல்லை அண்ணாச்சி. பெட்டிகூட இன்னும் பிரிக்கலை."

"சரி, உங்களுக்கு அம்பது எழுதி ஏமாந்தீக. எனக்கும் அம்பது பெருசா இருந்தா? நான் யாருகிட்டப் போயி விக்க?"

கேட்டுவிட்டு அவளையே பார்த்தார். சொர்ணம் அந்தக் கேள்விக்குத்தான் வந்திருந்தாள்.

"ஜப்பான் மிஷினோட புத்தகம் வந்திருக்கா?"

மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவளும் முனியசாமியும் பக்கம் புரட்டி, நிமிடத்துக்கு எவ்வளவு காற்று குடிக்கும் என்று போட்டிருந்த வரியைக் கண்டுபிடித்தார்கள். அவள் ஒரு பருப்புச் சாக்குச் சீட்டின் பின்னால் கணக்குப் போட்டாள்.

"எத்தனை மிஷின் வருது அண்ணாச்சி?"

"ஏன் கேக்கீக?"

"ஒண்ணுன்னா உங்களுக்கு இது வேண்டாம். பாதி சும்மா கிடக்கும். இப்பவே எந்திரிச்சுப் போயிருதோம்."

சங்கரபாண்டியன் கையிலிருந்த பருப்பைக் குவியலில் போட்டார். "ரெண்டு வருது. உளுந்துக்கு ஒண்ணு, துவரைக்கு ஒண்ணு."

"அப்ப நாப்பத்திரண்டு வேணும். அம்பது சரியான அளவு. பைப்பு போடும்போது ஒழுகாமப் போடணும். இவரு வந்து பாத்துக் குடுப்பாரு." முனியசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தீர்வை குறைஞ்சிருச்சுன்னு நானும் செய்தி பாத்தேன். அதுல எனக்கு என்ன குறைப்பீக?"

"அதை நாங்க தொடவே இல்லை. இருபதோ என்னவோ, நீங்களே நேரா கட்டி எடுங்க, குறைஞ்சது பூராவும் உங்களுக்குத்தான். எங்களுக்கு நாங்க குடுத்த விலையும் கிடங்கு வாடகையும் போதும். புதுசா ஆர்டர் போட்டா பத்து வாரம் ஆகும். உங்க மிஷின் ரெண்டும் வந்து, தை மாசத்துப் புதுப் பருப்பைப் பாத்துக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கும்."

அவர் உள்ளே பார்த்து இரண்டு காபி சொன்னார். பிறகு, "ராஜபாண்டியன்கிட்ட எவ்வளவு காலமா இருக்கீக?" என்றார்.

"பத்தொம்பது வருசம்."

"உங்களை விடமாட்டாரு" என்றார், தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல். திங்கட்கிழமை தூத்துக்குடிக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார். போகிக்கு முந்தின நாள் கிடங்கில் பேர் மாறியது. போட்ட காசு திரும்பி வந்தது.

பழசு இரண்டும் தேய்ந்துபோனவை, ஜூன் மிஷினையும் சேர்த்துத் தாங்காது என்பதால், புது முப்பதுக்காகக் கம்ப்ரசர் செய்கிற கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றுக்குச் சொர்ணம் போன் செய்தபோது ராஜபாண்டியன் எதிரில் இருந்தார். கோயம்புத்தூர் மிஷின் என்று எப்படி வெளியே சொல்வது என்ற யோசனையிலேயே இருந்தார். முன்பு ஐம்பதுக்கு விலை கேட்டபோது அவர்கள் அனுப்பிய பட்டியலில் முப்பது எச்.பி. ஸ்க்ரூ கம்ப்ரசரின் விலையும் இருந்தது.

"வெளிநாட்டு மிஷின் இப்ப ஒம்பது சதவீதம்போல இறங்கிருச்சு சார். உங்க விலை என்ன?" என்றாள்.

"நாங்க இங்கயே செய்யறோங்க. எங்களுக்கும் தீர்வைக்கும் என்னங்க சம்பந்தம்?"

"உள்ள சுத்துற ஸ்க்ரூ ஜோடியையும் நீங்களே கடையிறீங்களா?"

"அது மட்டும் ஜெர்மனிங்க."

"அதுக்கும் அதே தேதியிலதானே குறைஞ்சிருக்கு. மிஷின் விலையில பெரும்பகுதி அதுதானே."

ராஜபாண்டியன் அதுவரை மேஜையில் தட்டிக்கொண்டிருந்த விரல்களை நிறுத்தினார். கோயம்புத்தூர்க்காரர் மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லி, அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார். ஏழு சதவீதம் குறைத்தார். சொர்ணம் அதோடு விடவில்லை. அந்தக் கம்பெனி செலவிலேயே தங்கள் ஆள் ஒருவருக்கு அங்கே ஒரு வாரம் பயிற்சி தரவேண்டும் என்று கேட்டு வாங்கினாள்.

"ஸ்க்ரூ ஜெர்மனிதானா?" என்று போனை வைத்ததும் ராஜபாண்டியன் கேட்டார்.

"ஜெர்மனிதான் அண்ணாச்சி."

"அப்ப ஜெர்மன் மிஷின்னே சொல்லலாம்" என்றார். சொர்ணம் தலையைக் குனிந்து ஆர்டரை எழுத ஆரம்பித்தாள்.

லட்சுமிகாந்தம் சென்னையிலிருந்து போனில் கொஞ்சம் கோபித்துக்கொண்டார். தன்னிடம் சொல்லாமல் விற்றுவிட்டது மரியாதையில்லை என்றார். அவருடைய மிஷின் விருதுநகரில்தான் ஓடப்போகிறது, இரண்டு வருச சர்வீஸ் வேலை அவருக்குத்தான் என்று சொர்ணம் சொன்ன பிறகு குரல் இறங்கியது. வைப்பதற்கு முன், எத்தனை ஓட்டை என்று கேட்டார். முப்பத்தேழு என்றாள். "எழுதிக்கிறேன் மேடம்" என்றார்.

பிப்ரவரியில் தேர்தல் தேதியை அறிவிக்கும் முன்பே சுவரொட்டி ஆர்டர்கள் வர ஆரம்பித்துவிட்டன. புது கம்ப்ரசர் அதற்குள் வந்து, பழைய இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. பழசு இரண்டும் அவசரத்துக்கு. முதல் நாள் ஓட்டியபோது ஷெட்டுக்கு வெளியே நின்றவர்கள் மிஷின் ஓடுகிறதா என்று கேட்டார்கள். அவ்வளவு சத்தம் குறைவு. ராஜபாண்டியன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இனிமே எந்த மிஷின் வாங்குனாலும் நீங்களும் முனியசாமியும் சேந்து கையெழுத்துப் போட்டாத்தான் நான் போடுவேன்" என்றார். ஏப்ரலிலிருந்து இரண்டு பேருக்கும் சம்பளம் கூட்டுவதாகவும் சொன்னார். முனியசாமி தன் கையெழுத்து நன்றாக இருக்காதே என்று கவலைப்பட்டார்.

மார்ச் முதல் வாரம் அவரைக் கோயம்புத்தூர் அனுப்பினார்கள். மதுரைக்கு அந்தப் பக்கம் அவர் போனதில்லை. மனைவி புதுச் சட்டை எடுத்துக் கொடுத்திருந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் அங்கிருந்து போன் வந்தது.

"தாயி, சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டேன் அண்ணே. எப்படி இருக்கு? நல்லாச் சொல்லிக் குடுக்காகளா?"

"நல்லா மரியாதையா நடத்துதாக. ஏசி ரூம்ல உக்கார வச்சுப் பாடம் நடத்துனாக. ஆனா ஒரு விசயம்." குரலைத் தணித்தார். "அவுக கம்பெனி ஷெட்டுக்குள்ள நடந்து போகும்போது ஸ்ஸுன்னு கேக்குது."

"மிஷின் செய்யிற கம்பெனியிலயா?"

"அங்கனயேதான். மேல ரெண்டு, கீழ வரிசையா. நேத்துச் சாப்பாட்டு நேரத்துல சுத்திப் பாத்தேன். பதினோரு இடம்."

சொர்ணத்துக்குச் சிரிப்பு வந்தது. "யாருகிட்டயும் சொன்னீகளா?"

"சொல்லாம எப்படி? பேப்பர்ல எழுதி இஞ்சினியர் கையில குடுத்துட்டேன். நாளைக்கு என்னைய அங்கன கூட்டிட்டுப் போயி காட்டச் சொல்லியிருக்காரு" என்றார் முனியசாமி. "நீங்க வேற எதுவும் சொல்லணுமா தாயி? இல்லைன்னா வச்சுருதேன், பாடம் ஆரம்பிச்சுட்டாக."